ஏர் கூல்டு இன்ஜினுக்கு டர்போ மாட்டுறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஏர் கூல்டு காரை வச்சிக்கிட்டு டர்போ (எக்ஸாஸ்ட் புகையோட வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள அதிகக் காத்தை அழுத்தித் தள்ளுற கருவி) மாட்டணும்னு ஆசைப்படுறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்களுக்கு இங்க பதில் போட்டிருக்கேன். உதாரணம் பெரும்பாலும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோட 1600 சிசி இன்ஜின்தான், ஏன்னா நிறைய பேர் கையில இருக்குறது அது, பார்ட்ஸும் இன்னும் கிடைக்குது. மத்த ஏர் கூல்டு இன்ஜினுக்கும் அடிப்படை இதேதான், அளவுங்க மட்டும் மாறும்.

காத்துல குளிர்ற இன்ஜினுக்கு டர்போ ஒத்து வருமா?

வரும். கம்பெனிக்காரங்களே மாட்டி வித்திருக்காங்க. 1962-லயே ஷெவர்லே கோர்வேர் மான்ஸா ஸ்பைடர்ல ஆறு சிலிண்டர் ஏர் கூல்டு இன்ஜினுக்கு டர்போ வச்சு 150 குதிரைசக்தி எடுத்தாங்க, 1965-ல கோர்ஸா மாடல்ல அது 180 ஆச்சு. அதுல வேஸ்ட்கேட்டே (எக்ஸாஸ்ட் புகையை டர்போவுக்குப் போகாம திருப்பி விடுற வால்வு) கிடையாது, எக்ஸாஸ்ட்டோட பேக் பிரஷரை, அதாவது வெளிய போற புகைக்கு இருக்குற தடையை வச்சே பூஸ்ட்டை (டர்போ கூட்டுற காத்தழுத்தத்தை) அடக்கி வச்சிருந்தாங்க. போர்ஷே 1975-ல 3 லிட்டர் 911 டர்போவை 260 குதிரைசக்தியோட விட்டாங்க, 1978-ல அதை 3.3 லிட்டர் ஆக்கி இண்டர்கூலரும் (டர்போ அழுத்தி சூடாக்கின காத்தைக் குளிர வைக்கிறது) சேர்த்து 300-க்கு கொண்டு போனாங்க. 1973-ல வந்த 917/30 ரேஸ் கார்ல 12 சிலிண்டர், ரெண்டு டர்போ, 1000 குதிரைக்கு மேல, அதுவும் ஏர் கூல்டுதான். கடைசியா 1995-ல 993 டர்போ 408.

ஆனா இதுல ஒண்ணு கவனிங்க. போர்ஷே வெறும் காத்தை நம்பி இதைப் பண்ணல, டிரை சம்ப் (ஆயிலை இன்ஜின் அடியில தேக்காம வெளிய எடுக்குற அமைப்பு), தனி ஆயில் டேங்க், இன்ஜினை விட்டுத் தள்ளி இன்னொரு ஆயில் கூலர்னு ஆயிலையும் குளிர்ச்சிக்கு சேர்த்து இழுத்தாங்க. உங்க வண்டியிலயும் அந்த வேலை இருக்கு.

அப்போ ஏன் நிறைய டர்போ பீட்டில் இன்ஜின் சீக்கிரம் போயிடுது?

சூடு. இதை மட்டும் நல்லா புரிஞ்சிக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும். தண்ணி ஓடுற இன்ஜின்ல எக்ஸாஸ்ட் வால்வு பக்கத்துல சூடு ஏறினா தண்ணி அந்த இடத்துலயே சூட்டை வாங்கிட்டுப் போயிடும். இங்க அந்த சூடு அலுமினியத்துக்குள்ளயே நடந்து ஃபின் (வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற மெல்லிசான தகடு) வரைக்கும் வந்து, அப்புறம் ஃபேன் காத்துக்குப் போகணும். ஃபேன் ஓடுறது கிராங்க் புல்லி பெல்ட்டுல, அதாவது ஆர்பிஎம் எவ்வளவோ அவ்வளவுதான் காத்து. டர்போ இல்லாத வண்டிக்கு இது சரியா வந்துச்சு. டர்போ வந்தப்புறம் டாப் கியர்ல 2500, 3000 ஆர்பிஎம்ல மேட்டுல ஏறும்போது பூஸ்ட் முழுசா இருக்கும், சூடு முழுசா இருக்கும், ஃபேன் மட்டும் மெதுவா சுத்திட்டு இருக்கும். இன்ஜின் சாகுறது பெரும்பாலும் அந்த மாதிரி நேரத்துலதான்.

அதனால என்கிட்ட எத்தனை பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) பூஸ்ட் தாங்கும்னு கேட்டா நான் திருப்பி எவ்வளவு நேரம் பூஸ்ட்ல இருக்கப் போறீங்கன்னுதான் கேப்பேன். ஓவர்டேக் பண்ண பத்து செகண்ட் பூஸ்ட்ல போறதை ஹெட் தாங்கிடும், ஏன்னா அவ்வளவு உலோகம் சூடாகவே நேரம் வேணும். அதே பூஸ்ட்டை அஞ்சு நிமிஷம் மலைப்பாதையில விடாம மிதிச்சா கதையே வேற.

சரி, ஒரு நம்பர் சொல்லுங்க, எவ்வளவு பூஸ்ட்?

தெருவுல ஓட்டுற வண்டின்னா 0.5 பார், அதாவது 7 பிஎஸ்ஐல ஆரம்பிங்க. கம்மியா தெரியும், ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, வெளிக்காத்து 1 பார், அது 1.5 பார் ஆகுதுன்னா ஒன்றரை மடங்கு. அழுத்தும்போது காத்து சூடாகும், 30 டிகிரி காத்தை 70 சதவீத திறன் உள்ள கம்ப்ரஸர் 0.5 பார் பூஸ்ட்டுக்கு அழுத்தினா வெளிய வரும்போது 80 டிகிரிக்கு மேல இருக்கும், அதனால முழு ஒன்றரை மடங்கு கிடைக்காது. நல்ல இண்டர்கூலர் இருந்தா 1.4 கிட்ட வரும். ஸ்டாக் (கம்பெனியில வந்தபடியே இருக்குற) 1600 டுவல் போர்ட் இன்ஜின் 50 குதிரைசக்திதான், கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து மாறுறதால 80, 90 வரைக்கும் எதிர்பார்க்கலாம். 800 கிலோ சுத்துல இருக்குற வண்டிக்கு அது ரொம்பவே பெரிய வித்தியாசம்.

இன்ஜினைப் பிரிக்காம அப்படியே மாட்டலாமா?

பிரிச்சுப் பாக்காம மாட்டாதீங்க. கம்ப்ரஷன் டெஸ்ட் நாலு சிலிண்டருக்கும் எடுங்க, கிராங்க் புல்லியை முன்ன பின்ன இழுத்து எண்ட் பிளே பாருங்க, வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்துற ராக்கருக்கும் நடுவுல உள்ள இடைவெளி) பாருங்க. கிளியரன்ஸ்ல ஒரு ரகசியம் இருக்கு. குளிர்ந்த இன்ஜின்ல 0.15 மிமீ வைக்கிறீங்க, கொஞ்ச நாள் ஓட்டிட்டு திரும்பப் பாத்தா மூணாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் இறுகி இருக்கு, மறுபடி வைக்கிறீங்க, மறுபடி இறுகுதுன்னா அந்த வால்வு நீண்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், இல்லன்னா சீட் உள்ள இறங்குது. அடுத்தது வால்வு தலை உடைஞ்சு பிஸ்டன் மேல விழறதுதான். அப்படி ஒரு ஹெட்டோட டர்போ பத்தி யோசிக்கவே கூடாது.

ஏன் மூணாவது சிலிண்டர்னா, பழைய மாடல்ல ஃபேன் உறைக்குள்ளயே ஆயில் கூலர் நிக்கும், அது அந்தப் பக்கம் போற காத்தை மறைச்சு சூடாக்கி அனுப்பும். 1971 மாடல்லருந்து கூலரை ஒதுக்கி வச்சு தனி டக்ட் குடுத்தாங்க, டாக் ஹவுஸ்னு சொல்வாங்க. உங்க வண்டி அதுக்கு முந்தினதுன்னா டர்போவுக்கு முன்னாடி முதல் செலவு அந்த உறையை மாத்துறதுதான்.

கம்ப்ரஷன் ரேஷியோ எவ்வளவு வைக்கலாம்?

கம்ப்ரஷன் ரேஷியோன்னா பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துதுங்குறது. அது 7-க்கும் 7.5-க்கும் நடுவுல. முதல் 911 டர்போவுல 6.5 வச்சாங்க, அது பாதுகாப்பு, ஆனா பூஸ்ட் வர்ற வரைக்கும் வண்டி தூங்கும். ஸ்டாக் 1600-ல 7.5 சுத்துலதான் இருக்கு, அதனால பெருசா குறைக்கத் தேவை இல்ல. ஆனா எப்படி குறைக்கிறோம்ங்குறது முக்கியம். சிலிண்டர் அடியில தடியா ஷிம் (தகடு வளையம்) போட்டு டெக் ஹைட்டை (பிஸ்டன் உச்சியில நிக்கும்போது அதுக்கும் சிலிண்டர் விளிம்புக்கும் உள்ள தூரம்) ரெண்டரை மூணு மிமீ ஆக்கிடுறாங்க, அப்படி பண்ணா பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல கலவை கலங்காது, ஓரத்துல தேங்கி நாக்கிங் (கலவை தானா வெடிச்சு பிஸ்டனை அடிக்கிறது) கூடத்தான் செய்யும். டெக் ஹைட்டை 1.5 மிமீ சுத்துல வச்சிட்டு ஹெட்டோட சேம்பரை (கலவை எரியுற குழி) பெருசாக்குங்க. கணக்கு இதோ: 85.5 மிமீ போர், 69 மிமீ ஸ்ட்ரோக், ஒரு சிலிண்டர் 396 சிசி. டெக் 1.5 மிமீன்னா அங்க 8.6 சிசி, சேம்பர் 52 சிசி, ரெண்டும் சேர்த்து 60.6. 396-ஐயும் 60.6-ஐயும் கூட்டி 60.6-ஆல வகுத்தா 7.5. நாலு சேம்பரையும் சிரிஞ்சுல ஆயில் விட்டு அளந்து சமமா வைங்க, இது பொறுமையான வேலைதான், ஆனா செலவே இல்லாத வேலை.

ஹெட் லீக் ஆகுதுன்னு சொல்றாங்களே?

ஆமா, இது பீட்டில் இன்ஜினோட பெரிய பலவீனம். சிலிண்டரும் ஹெட்டும் உலோகத்தோட உலோகம் உக்காந்து அடைக்கணும், தண்ணி இன்ஜின் மாதிரி ஹெட் கேஸ்கெட் கிடையாது. பூஸ்ட்ல லீக் ஆன ஹெட்டைக் கழட்டிப் பாத்தா சிலிண்டர் உக்கார்ற வட்டம் முழுக்க பளபளன்னு இருக்கும், ஒரே ஒரு இடத்துல மட்டும் கருப்பா புகைக்கோடு குறுக்க ஓடியிருக்கும், அதுலதான் கேஸ் வெளிய பாயுது. விட்டு ஓட்டினா அந்த இடத்துல அலுமினியம் உருகி வாய்க்கால் மாதிரி ஆயிடும், அப்புறம் ஹெட்டை லேத்துல கொடுத்து கட் பண்ணாம சரி வராது.

ஸ்டட்டை (ஹெட்டையும் சிலிண்டரையும் கிராங்க் கேஸோட பிடிச்சிருக்குற நீளமான போல்ட்) இன்னும் இறுக்கி முறுக்கினா நிக்கும்னு நினைச்சிடாதீங்க. கிராங்க் கேஸ் மெக்னீசியம் கலவை, சூடானா ஹெட்டும் சிலிண்டரும் ஸ்டட்டை விட அதிகமா விரியும், அதனால சூட்டுல டார்க் தானா ஏறிடும். அதை எதிர்பாத்துதான் 10 மிமீ ஸ்டட்டுக்கு 32 நியூட்டன் மீட்டர், 8 மிமீ ஸ்டட்டுக்கு 25-ன்னு கம்மியா வச்சிருக்காங்க. அதுக்கு மேல முறுக்கினா இன்ஜின் சூடாகும்போது ஸ்டட் மரையோட பிடுங்கிட்டு வந்துடும். கேஸ்ல ஸ்டீல் இன்செர்ட் போடுங்க, நல்ல குரோமோலி ஸ்டட் போடுங்க, சிலிண்டரை ஹெட்டுல வால்வு லேப்பிங் பேஸ்ட் வச்சு உரசி முழு வட்டமும் ஒரே சாம்பல் நிறமா வர்ற வரைக்கும் விடாதீங்க.

எந்த சைஸ் டர்போ?

சின்னது. 1600 சிசி 5000 ஆர்பிஎம்ல 0.5 பார் பூஸ்ட்ல நிமிஷத்துக்கு சுமார் 5 கிலோ காத்துதான் இழுக்கும், 11 பவுண்டு. கம்ப்ரஸர் மேப்பை (டர்போ எந்தக் காத்து அளவுல நல்லா வேலை செய்யும்னு காட்டுற வரைபடம்) எடுத்து பிரஷர் ரேஷியோ 1.5, காத்து 11-ங்குற புள்ளி நடுவுல விழுதான்னு பாருங்க. பெரிய டீசல் வண்டி டர்போ சும்மா கிடைக்குதுன்னு மாட்டினா 4000-க்கு மேலதான் பூஸ்ட் வரும், இந்த இன்ஜின் அங்கேயே முடியுற இன்ஜின்.

இன்னொண்ணு, இப்ப வர்ற நிறைய டர்போவுக்கு நடு ஹவுசிங்ல தண்ணி ஓட்டை இருக்கும். நம்மகிட்ட தண்ணி இல்ல. ஆயில்லயே குளிர்ற ஜர்னல் பேரிங் டர்போவா பாருங்க, அதுதான் இந்த வேலைக்கு எளிமையானது.

கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா?

மூணு வழி இருக்கு. கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னாடி வைக்கிறது பழைய முறை, பெட்ரோல் கலந்த காத்தை டர்போ இழுத்துத் தள்ளும். எளிமைதான், ஆனா இண்டர்கூலர் வைக்க முடியாது, பெட்ரோல் உள்ளயே படிஞ்சிடும். டர்போவுல கார்பன் சீல் இருக்கணும், இல்லன்னா ஆக்சிலேட்டரை விடும்போது வர்ற வேக்குவம் ஆயிலை உறிஞ்சிடும். பேக்ஃபயர் ஆனா வழி முழுக்க எரியுற கலவைதான், அதையும் மனசுல வச்சிக்கோங்க.

ரெண்டாவது, டர்போவுக்கு அப்புறம் கார்புரேட்டர். இதுல கார்புரேட்டர் முழுக்க பூஸ்ட்டுக்குள்ள நிக்கும், அதனால ஃப்ளோட் சேம்பருக்கும் பூஸ்ட் கொடுக்கணும், ஷாஃப்ட்டுங்க சீல் ஆகணும், உள்ள வெறுமையா இருக்குற பித்தளை ஃப்ளோட் நசுங்கிடும், கெட்டி ஃப்ளோட் வேணும். பெட்ரோல் பிரஷரும் பூஸ்ட்டோட சேர்ந்து ஏறணும், சாதாரணமா 3 பிஎஸ்ஐன்னா 7 பூஸ்ட்ல 10 ஆகணும், அது ஏறலன்னா சரியா பூஸ்ட் உச்சத்துல இருக்குறப்ப பெட்ரோல் நின்னு பிஸ்டன் ஓட்டையாகும். எலக்ட்ரிக் பம்ப் போடும்போது ஆயில் பிரஷர் போனா பம்ப் நிக்குற மாதிரி ரிலே கண்டிப்பா வைங்க. கேஸ் மெக்னீசியம், அது தீப்பிடிச்சா தண்ணி ஊத்தி அணைக்க முடியாது.

என் கருத்து கேட்டா இன்ஜெக்‌ஷன்தான். மெகாஸ்கர்ட், ஸ்பீடுயினோ மாதிரி ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போட்டா பெட்ரோலும் டைமிங்கும் ரெண்டும் பூஸ்ட் பாத்து மாறும், ஹெட் சூட்டைப் பாத்து பெட்ரோல் கூட்டுற மாதிரி கூட வைக்கலாம். கத்துக்க நேரம் ஆகும், ஆனா அந்த நேரம் ஒரு செட் பிஸ்டனை விட மலிவு.

இண்டர்கூலர் எங்க வைக்கிறது? முன்னாடி ரேடியேட்டர் இடமே இல்லையே?

எங்க வேணா வைங்க, இன்ஜின் ஃபேன் இழுக்குற காத்து வழியில மட்டும் வைக்காதீங்க. நிறைய பேர் இன்ஜின் மூடிக்குக் கீழ ஃபேனுக்கு நேரா வைக்கிறாங்க, காத்து ஓட்டம் கிடைக்குதுன்னு. அந்த இண்டர்கூலர் விடுற சூடு அப்படியே ஃபேன் வழியா ஹெட்டுக்குப் போகும், ஒரு பக்கம் குளிர வச்சு இன்னொரு பக்கம் சூடாக்குறோம். பின் வீல் ஆர்ச் பக்கம் தனி ஃபேனோட வைக்கலாம், இல்லன்னா தண்ணி ஓடுற இண்டர்கூலர் வச்சு சின்ன ரேடியேட்டரை முன்னாடி கொண்டு போகலாம். இடமே இல்லன்னா தண்ணி மெத்தனால் ஸ்ப்ரே நல்ல வழி, 1962 ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர்லயே கம்பெனி அதைப் பண்ணியிருக்கு. தொட்டி காலியானா பூஸ்ட் குறையுற மாதிரி ஒரு பாதுகாப்பு மட்டும் வேணும்.

குளிர்ச்சிக்கு வேற என்ன பண்ணணும்?

புதுசா எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி பழசு எல்லாம் அதோட இடத்துல இருக்கான்னு பாருங்க. இன்ஜினைச் சுத்தி வர்ற தகடுங்க, சிலிண்டருக்குக் கீழ இருக்குற காத்து தடுப்புத் தகடு, இன்ஜின் ரூமைச் சுத்தின ரப்பர் சீல், இதுல பாதி பழைய வண்டியில இருக்காது, யாரோ எப்பவோ கழட்டிப் போட்டிருப்பாங்க. அந்தத் தகடுங்கதான் மேல குளிர்ந்த காத்தையும் கீழ சூடான காத்தையும் பிரிக்குது. டர்பைன் வேற கீழ செக்கச்செவேல்னு நிக்கும்போது அந்த சூடு மேல வந்து ஃபேனுக்குள்ள போனா எவ்வளவு பெரிய ஆயில் கூலர் வச்சும் பிரயோஜனம் இல்ல.

ஹெட்டோட ஃபின்னுங்களுக்கு நடுவுல வார்ப்புல வந்த பிசிறு நிறைய இடத்தை அடைச்சிருக்கும். ஒரு மெல்லிசான கம்பியையோ அரத்தையோ விட்டு ஒவ்வொண்ணா குடைஞ்சு எடுங்க, வெளிச்சம் அந்தப் பக்கம் தெரியணும். ஸ்டைலா இருக்குன்னு சின்ன கிராங்க் புல்லி போடுறவங்க இருக்காங்க, அது ஃபேன் வேகத்தைக் குறைக்கும், டர்போ வண்டியில வேண்டவே வேண்டாம்.

ஆயில் சைடுல?

ஸ்டாக் இன்ஜின்ல மொத்தமே 2.5 லிட்டர் ஆயில், ஃபில்டர் கிடையாது, வலை மட்டும்தான். ஒன்றரை லிட்டர் எக்ஸ்ட்ரா சம்ப், ஃபுல் ஃப்ளோ ஃபில்டர், தெர்மோஸ்டாட்டும் ஃபேனும் வச்ச வெளி ஆயில் கூலர், இந்த மூணும் டர்போவோட சேர்ந்தே வரணும். ஆயில் 90லருந்து 110 டிகிரிக்குள்ள இருந்தா நிம்மதி, 120 தாண்டினா காலை எடுங்க.

டர்போவுக்கு ஆயில் உள்ள போறதை விட வெளிய வர்றதுதான் தலைவலி. டர்போவை விட்டு வெளிய வர்ற ஆயில் நுரையா பிரஷரே இல்லாம வரும், தன் எடையில இறங்கி மட்டும்தான் போகும். குழாய் உள் விட்டம் அரை இன்ச்சுக்கு மேல, நேரா கீழ, சம்ப்ல ஆயில் மட்டத்துக்கு மேல போய் சேரணும். டர்போவை ரொம்பத் தாழ்வா வச்சா தனியா ஸ்கேவஞ்ச் பம்ப் (ஆயிலை உறிஞ்சி திருப்பி அனுப்புறது) வேணும். சைலன்சர்ல நீலப்புகை வந்தா எல்லாரும் டர்போ சீல் போச்சுன்னு டர்போவை மாத்துறாங்க, முதல்ல இந்த ரிட்டர்ன் குழாயைப் பாருங்க. அடுத்து கிராங்க் கேஸ் பிரீதரைப் (உள்ள இருக்குற கேஸ் வெளிய போற வழி) பாருங்க, பூஸ்ட்ல பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வர்ற கேஸ் உள்ள பிரஷரை ஏத்தும், ரெண்டு பக்கமும் நல்ல பெரிய ஹோஸ் போட்டு கேட்ச் கேன்ல (ஆயில் ஆவியைப் பிடிக்கிற டப்பா) விடுங்க.

ஓட்டி முடிச்சதும் கடைசி ஒண்ணு ரெண்டு நிமிஷம் பூஸ்ட் வராம மெதுவா ஓட்டிட்டு நிறுத்துங்க, இல்லன்னா டர்போ பேரிங்ல நிக்கிற ஆயில் கருகி கரியாயிடும்.

டைமிங், பிளக், பெட்ரோல்?

பூஸ்ட் இல்லாதப்ப மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு எவ்வளவு முன்னாடி ஸ்பார்க் விடுறோம்ங்குறது) 28லருந்து 30 டிகிரி. ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் 1 டிகிரி குறைங்க, அது ஆரம்பப் புள்ளி, முடிவு இல்ல. வெறும் சென்ட்ரிஃபியூகல் டிஸ்ட்ரிபியூட்டருக்கு பூஸ்ட்னா என்னன்னே தெரியாது, அதனால பூஸ்ட்ல ரிடார்ட் பண்ற, அதாவது ஸ்பார்க்கைத் தாமதமாக்குற ஏதாவது ஒண்ணு வேணும். பிளக் ஒரு ஸ்டெப் குளிர்ந்த ரகம், இடைவெளி 0.6 மிமீ. ஆக்டேன் கிடைக்கிறதுலயே அதிகமானது. முழு பூஸ்ட்ல ஏர் ஃபுயல் ரேஷியோ (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காத்து) 11.5 சுத்துல வைங்க, கொஞ்சம் பெட்ரோல் வீணாகுதுன்னு தோணும், அந்த அதிகப்படி பெட்ரோல்தான் உள்ள இருந்து குளிர வைக்குது. ஃபேன் சத்தத்துல நாக்கிங் காதுக்குக் கேக்காது, கேக்குற அளவுக்கு வந்துச்சுன்னா ஏற்கனவே லேட்.

எந்த கேஜ் எல்லாம் கட்டாயம்?

சிலிண்டர் ஹெட் சூடு, வைட்பேண்ட் ஆக்சிஜன் (ஏர் ஃபுயல் ரேஷியோவைக் காட்டுறது), பூஸ்ட், ஆயில் சூடு, ஆயில் பிரஷர். காசு இல்லன்னா டர்போவைத் தள்ளிப் போடுங்க, இதைத் தள்ளிப் போடாதீங்க. ஹெட் சூட்டுக்கு பிளக்குக்கு அடியில வாஷர் மாதிரி உக்கார்ற சென்சார் கிடைக்கும், மூணாவது சிலிண்டர்ல மாட்டுங்க. 200 டிகிரி கிட்ட வந்தா பூஸ்ட்டை விடுறதுன்னு பழக்கப்படுத்திக்கோங்க. டர்போ மாட்டுறதுக்கு முன்னாடியே இந்த கேஜை மாட்டி சில வாரம் ஓட்டிப் பாத்தீங்கன்னா உங்க வண்டியோட சாதாரண சூடு எவ்வளவுன்னு தெரியும், அது தெரியாம பின்னாடி வர்ற நம்பரை எதோட ஒப்பிடுவீங்க?

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வெல்டிங் விரிசல் விடுதே?

மெல்லிசான சைலன்சர் குழாய்ல பண்ணினா விடத்தான் செய்யும். தடியான ஸ்டெயின்லெஸ் குழாய் எடுங்க, டர்போ எடையை மேனிஃபோல்டு சுமக்கக் கூடாது, தனியா பிராக்கெட் வச்சு இன்ஜினோட கட்டுங்க. ரெண்டு பக்க ஹெட்டும் சூடானா ஒண்ணை விட்டு ஒண்ணு விலகும், நடுவுல பெல்லோஸ் (நெளிஞ்சு கொடுக்குற) ஜாயிண்ட் இல்லன்னா எந்த வெல்டும் நிக்காது.

கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக்?

ஃபிளைவீல் நாலு டவல்லருந்து (கிராங்கோட பிடிக்கிற பின்) எட்டு டவலுக்கு மாத்துங்க, கிளட்ச் பிரஷர் பிளேட் ஒரு படி கெட்டியா போடுங்க. கியர்பாக்ஸ் பூஸ்ட்டைத் தாங்கும், நின்ன இடத்துலருந்து கிளட்ச்சை டப்புனு விடுறதைத் தாங்காது. முன்னாடி டிரம் பிரேக்னா டிஸ்க்குக்கு மாத்திட்டுதான் பூஸ்ட்டே போடணும், இதுல பேரமே இல்ல. எமிஷன், இன்சூரன்ஸ் விதிகளை உங்க ஊர்ல முன்னாடியே விசாரிச்சிடுங்க.

முதல் தடவை எப்படி ஓட்டணும்?

பிளக் நாலையும் கழட்டிட்டு ஸ்டார்ட்டர்ல சுத்துங்க, டர்போவோட ரிட்டர்ன் குழாய்ல ஆயில் சொட்டுறதைக் கண்ணால பாத்தப்புறம்தான் பிளக்கை மாட்டணும். வேஸ்ட்கேட்டை அதோட ஸ்பிரிங் விடுற கம்மி பூஸ்ட்லயே விட்டுடுங்க, கண்ட்ரோலர் எதுவும் இப்ப வேண்டாம். சமதரையில மூணாவது கியர்ல சில செகண்ட் மட்டும் முழுசா மிதிச்சு, பக்கத்துல ஒருத்தரை உக்கார வச்சு வைட்பேண்ட் நம்பரைப் படிக்கச் சொல்லுங்க, 12.5-க்கு மேல போச்சுன்னா உடனே காலை எடுங்க. இந்த சோதனைக்கு மட்டும் அப்படியே இன்ஜினை ஆஃப் பண்ணி கிளட்ச்சை மிதிச்சு ஓரமா நிறுத்தி, ஆறினதும் பிளக்கைக் கழட்டி வெயில்ல பிடிச்சுப் பாருங்க. பீங்கான் மேல மிளகுப்பொடி தூவின மாதிரி சின்னச் சின்ன புள்ளியும், நடுவுல மினுமினுன்னு அலுமினியத் துகளும் இருந்தா நாக்கிங் ஆரம்பிச்சாச்சு, டைமிங்கை ரெண்டு டிகிரி குறைச்சு பெட்ரோலைக் கூட்டிட்டு திரும்ப ஓட்டுங்க. பீங்கான் சுத்தமா, இல்ல லேசா பழுப்பா இருந்தா சரி. ஒரு 500 கிலோமீட்டர் ஓடினதும் வால்வு கிளியரன்ஸைத் திரும்பப் பாருங்க, மூணாவது எக்ஸாஸ்ட்லருந்து ஆரம்பிங்க.